தேரா, கல்வெட்டா? பழைய ஹெரால்டை ‘ஒரிஜினல்’ ஆக்குவது பற்றி ஒரு குறிப்பு

பழைய கார் உலகத்தில் அதிகம் புழங்கும் சொல் ‘ஒரிஜினல்’. விற்பவர் சொல்வார்: “ஃபுல் ஒரிஜினல் கண்டிஷன் சார், ஒரு போல்ட் மாத்தல.” வாங்கியவர் சொல்வார்: “ஒரிஜினலுக்குக் கொண்டுவரப் போறேன்.” 2021இல் இருந்து மத்திய அரசின் விதியும் இதே சொல்லைச் சொல்கிறது. மூவரும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்களா? இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குழப்பத்தில் கடைசியில் அடிபடுவது கார்தான்.

இதை யோசிக்க வைத்தவர் மேலூர்ப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர். அவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு வண்டி. இன்ஜின் வேறு காருடையது, சீட் வேறு, பெயிண்ட் எத்தனையாவது கை என்று யாருக்கும் தெரியாது. “மொத்தமா பிரிச்சு, ஃபேக்டரில இருந்து வந்த மாதிரி பண்ணிரலாமா, இல்ல இப்படியே விட்டுரலாமாண்ணே?” என்று கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. பழைய ஆவணங்களையும் கல்வெட்டுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்தக் கேள்வியை என்னால் பார்க்க முடிந்தது.

ஹெரால்ட் ஸ்போர்ட்ஸ் காரா?

கறாராகச் சொன்னால் இல்லை. அது குடும்பக் கார். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு மிக நெருங்கிய சொந்தம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் 1959இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கலோட்டி. அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும் போனெட், சின்ன இடத்தில் வட்டமடித்துத் திரும்பும் லாகவம், பின்னால் குறுக்கே கிடக்கும் ஒற்றை ஸ்பிரிங் பட்டை என்று பல அங்கங்கள் இரண்டுக்கும் பொது.

நம்மூருக்கு ஹெரால்ட் 1961இல் வந்தது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதைத் தயாரித்தது. இங்கே பெயர் டிரையம்ஃப் இல்லை, ஸ்டாண்டர்டு. வெளிநாட்டுக் கார் இறக்குமதி அநேகமாக அடைபட்டுக் கிடந்த காலம் அது. சாலையில் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட் மூன்றுதான். அந்த மூன்றில் கொஞ்சம் துள்ளலாக ஓட்ட நினைத்த இளவட்டங்களின் கண் ஹெரால்டின் மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

துள்ளலாக ஓட்ட ஓர் இடமும் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் தடம் திறக்கும்வரை தென்னிந்திய ரேஸ் என்றால் சோழவரம்தான். இறக்குமதியான ரேஸ் கார்களும் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் கைவைத்துத் தேற்றிய ஹெரால்டும் ஃபியட்டும் அந்தக் கான்கிரீட்டில்தான் ஓடின.

எந்த ஒரிஜினல்?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். ‘ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரி’ என்றால் எந்த வருஷத்து ஃபேக்டரி?

ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் இங்கிலாந்துப் பாகங்கள் அதிகம். ஆண்டு போகப்போக உள்ளூர்ப் பாகங்களின் பங்கு கூடியது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1961இலேயே பெரிய இன்ஜின் வந்துவிட்டது. இங்கே கடைசிவரை அதே 948 சி.சி.தான். அங்கே எப்போதும் இரண்டு கதவு. இங்கே 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது, அது உலகத்தில் வேறெங்கும் தயாராகவில்லை. 1972இல் கஸல் என்று பெயர் மாறி, பின்பக்க ஆக்ஸிலும் வேறு வகையானது. மாறிக்கொண்டே இருந்த வண்டி இது. இதற்கு ‘ஒரிஜினல்’ என்று ஒரே ஒரு தேதியைக் குறிப்பது சிரமம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இன்று ஹெரால்டுக்குப் புதுப் பாகம் வேண்டும் என்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதுதான் சுலபம், அங்கே டிரையம்ஃப் கார்களுக்கென்றே கடைகளும் சங்கங்களும் உண்டு. காசு இருப்பவர் எல்லாவற்றையும் அங்கிருந்து வாங்கிப் பூட்டி, முன்னால் டிரையம்ஃப் முத்திரையும் ஒட்டிவிடுகிறார். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால் வண்டலூர் ஆலையிலிருந்து அப்படி ஒரு கார் வெளியே வந்ததே கிடையாது. ‘ஒரிஜினல்’ ஆக்கப் போய், எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு காரைப் புதிதாகச் செய்திருக்கிறார்.

சோழவரத்தில் ஓடிய ஹெரால்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடும். பின்சீட்டைக் கழற்றியிருப்பார்கள், டேஷ்போர்டில் கூடுதல் மீட்டருக்கு ஓட்டை போட்டிருப்பார்கள், கதவில் பந்தய எண் எழுதிய தடம் பெயிண்டுக்கு அடியில் தெரியும். ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோனால் இவையெல்லாம் ‘குறை’. குறை என்று தேய்த்து அழித்தபிறகு அந்தக் காருக்கும் சோழவரத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். மிஞ்சுவது இன்னொரு நல்ல ஹெரால்ட், அவ்வளவுதான்.

லண்டன் நீதிமன்றம் சொன்னது

இதே கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கார், பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், செல்லப்பெயர் ‘ஓல்டு நம்பர் ஒன்’. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த கார். அதற்குப் பிறகும் அது சும்மா இருக்கவில்லை. இன்ஜின், சேஸிஸ், பாடி என்று அடுத்தடுத்து மாறின. பல பத்தாண்டுகள் கழித்து 1 கோடி பவுண்டு அளவுக்கு விலை பேசி வாங்க ஒப்புக்கொண்டவர், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார். வழக்கானது.

நீதிபதி ஆட்டன் சொற்களைப் பிரித்துப் பார்த்தார். 1929இல் ஓடிய அதே பொருள் என்ற கறாரான அர்த்தத்தில் இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு காரின் வரலாறு நடுவில் அறுபடாமல், மாற்றங்களோடு சேர்ந்தே தொடர்ந்து வந்திருக்கிறது, ஆகவே இது அசல் ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். அடையாளம் பாகங்களின் கூட்டுத்தொகையில் இல்லை, வரலாற்றின் தொடர்ச்சியில் இருக்கிறது என்பது அதன் சாரம்.

வரலாறே இல்லாமல் வெறும் பாகங்களைக் கோத்து ‘ரேஸ் கார்’ என்று விற்கும் ஆட்களும் உண்டு. திருவாதவூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குதிரை வாங்கப் போன எங்களூர் மாணிக்கவாசகருக்காக நரி பரியான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பகலில் லாயத்தில் பளபளவென்று நின்ற குதிரை ராத்திரி என்னவானது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

தேரும் கல்வெட்டும்

எங்களூரில் இரண்டு விதமான பழைமை இருக்கிறது. ஒன்று ஓவாமலைக் குகைத்தளத்தில் இருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். 2,000 ஆண்டுக்கு மேல் பழையவை. இன்னொன்று திருமறைநாதர் கோயில். தலைமுறை தலைமுறையாகத் திருப்பணி நடந்து, புதுப்பிக்கப்பட்டு, இன்றும் பூசையில் இருப்பது. கல்வெட்டில் ஓர் எழுத்து மங்கலாக இருக்கிறது என்பதற்காக உளி எடுத்துத் தீட்டினால் அது குற்றம். கோயில் கதவு உளுத்துப்போனால் புதுக்கதவு போடுவது கடமை. இரண்டும் பழையவைதான், ஆனால் இரண்டிடமும் நாம் எதிர்பார்ப்பது வேறு வேறு.

தேரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. இன்று அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. “ஐயையோ, ஒரிஜினல் போச்சே” என்று வடம் பிடிப்பவர் யாரும் அழுவதில்லை. தேரின் உயிர் ஓடுவதில் இருக்கிறது. பிரேக் பிடிக்காத தேர் ஆளைக் கொல்லும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே உண்டு. கோயில் திருப்பணிகளில் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடிக்கும் ‘சேண்ட் பிளாஸ்டிங்’ இறங்கியது. அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் போனது, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. எதிர்ப்புக் கிளம்பி, தடையும் வந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் பழைய பாடியை வெறும் தகடாக்குவதும் இதே இயந்திரம்தான். அங்கே பெயிண்ட் அடுக்குகள், எழுத்துத் தடம், ஆலை ஆள் சாக்பீஸில் கிறுக்கியது எல்லாம் ஒரே மதியத்தில் தூசியாகிவிடும்.

பழைய கார் விஷயத்தில் கஷ்டம் என்னவென்றால் அது பாதி தேர், பாதி கல்வெட்டு. ஓடவும் வேண்டும், சாட்சி சொல்லவும் வேண்டும். ஆகவே ‘ஒரிஜினல் ஆக்கலாமா வேண்டாமா’ என்று முழுக் காருக்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்பதே தப்பு. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, இது தேரா, கல்வெட்டா என்று கேட்க வேண்டும்.

பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் குழாய், ஒயரிங் எல்லாம் தேர். தயங்காமல் மாற்றலாம். சேஸிஸில் ஏறிய துரு பழைமையின் அழகு கிடையாது, ஆபத்து. அதை வெட்டி எறிந்து பற்றவைத்தே ஆகவேண்டும். ஹெரால்டின் சுவிங் ஆக்ஸில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரத்தை உள்பக்கமாக மடக்கும் குணம் உள்ளது. அதனால் பின்பக்க வேலையில் கஞ்சத்தனம் கூடாது. பெயிண்ட், டேஷ்போர்டு, ஓட்டைகள், டீலர் ஒட்டிய தகடு, சீட் துணி இவை கல்வெட்டு. தாங்கும்வரை விட்டுவைக்கலாம். கழற்றியே ஆகவேண்டும் என்றால் படம் எடுத்து, பெயர் எழுதி, பெட்டியில் போட்டு வைக்கலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: தலையீடு குறைவாக இருக்கட்டும், செய்ததை எழுதி வையுங்கள், வண்டியின் வாழ்நாளில் வந்த மாற்றமும் அதன் வரலாறுதான், தயாரான நாளின் தோற்றத்துக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பளபளப்புக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் போட்டியில்கூட 2024இல் முதல் பரிசு, புதுப்பிக்காமல் பாதுகாத்துவைத்த ஒரு 1934 புகாட்டி டைப் 59க்குப் போனது. அந்தப் போட்டியில் பாதுகாப்புப் பிரிவுக் கார் ஒன்று முதல் பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை.

நம் விதியில் உள்ள ஓட்டை

இந்த வெளிச்சத்தில் நம் ஊர் விதியைப் படித்தால் உறுத்துகிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனத்துக்குத் தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். பழைய வண்டி என்றாலே காயலான் கடைக்கு என்ற பேச்சு நடக்கும் காலத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு வந்தது நல்ல விஷயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நிபந்தனையில்தான் சிக்கல். வண்டி ‘ஒரிஜினல்’ வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. பாகம் கிடைக்காத காலத்தில் வேறு இன்ஜினை ஏற்றி வண்டியை உயிரோடு வைத்திருந்தவர் இதனால் வெளியே நிற்கிறார். சரி, ஒரிஜினலுக்கே திருப்பிவிடுகிறேன் என்று அவர் மொத்தமாகப் பிரித்துக் கட்டினால், அதுவே ‘பெரிய மாற்றம்’ ஆகிவிடுமா? முன்னால் போனாலும் இடி, பின்னால் போனாலும் உதை. உயிர் பிழைக்கச் செய்த வைத்தியத்தையே குற்றமாக எண்ணுகிற சொல்லமைப்பு இது. இந்தியக் கார்களில் பெரும்பாலானவை இப்படி வைத்தியத்தால் பிழைத்தவைதான்.

விதியில் ஒரு வரி சேர்ந்தாலே போதும் என்று நினைக்கிறேன்: ஆவணத்தோடு கூடிய அந்தக் காலத்து மாற்றங்கள் வண்டியின் வரலாறாகக் கருதப்படும். ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏறிய இன்ஜின் மாற்றம் அதற்கு நல்ல ஆவணம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் வண்டியைப் பிரிக்காமல் ஒரு நோட்டு வாங்கி, எது எப்போது மாறியது என்று தெரிந்தவரை எழுதுங்கள், பழைய மெக்கானிக்குகள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். பிரேக்கையும் சேஸிஸையும் இந்த வருஷமே சரிசெய்யுங்கள். ஓடுகிற இன்ஜினை விட்டுவிடுங்கள், 948 இன்ஜின் எங்காவது கிடைத்தால் வாங்கித் துடைத்து ஓரமாக வையுங்கள், பிறகு யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். பெயிண்டைச் சுரண்டுவது கடைசி வேலை. ஒரு மூலையில் கை அகலத்துக்கு ஒவ்வோர் அடுக்காகத் தேய்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முழு பாடியிலும் மணல் அடிக்க யாரையும் விடாதீர்கள். புதுப் பெயிண்டை அடுத்த வருஷமும் அடிக்கலாம். அடியில் இருப்பது போனால் போனதுதான்.