பென்டிரைவைக் கண்டுகொள்ளாத சர்வர்

ஜொகூரில் சர்வர் என்று வாயைத் திறந்தாலே பேச்சு செடெனாக்குக்கும் நூசாஜெயாவுக்கும் போய்விடுகிறது. 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. முதலீடு பாலம் தாண்டி இங்கே வந்தது. அந்தக் கட்டடங்களில் யாரும் பென்டிரைவோடு ரேக் ரேக்காக அலைவதில்லை. இயங்குதளம் நெட்வொர்க் வழியாகவே ஏறிவிடும். நான் எழுதப்போவது வேறு வகைச் சர்வரைப் பற்றி. ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு ஷாப்லாட்டின் மேல்மாடியில், ஃபைல் அலமாரிக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் இரண்டாம் கைச் சர்வர்.

சில வாரங்களாக அதோடுதான் பிழைப்பு. இரண்டு சீயோன், இசிசி ரேம், ரெய்டு கார்டு. மற்றதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் அடித்துப்போட்டாலும் அசையாது. சிக்கல் அதற்கு முன்னால். பழைய இயங்குதளத்தை வழித்துவிட்டுப் புதிதாகப் போட, பென்டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

முதல் எரிச்சல், காத்திருப்பு. பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் அலறும். பிறகு ரேம் சோதனை, ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொன்றாக எழுந்திருக்கும். பூட் மெனு விசையைச் சொல்லும் வரி கண் சிமிட்டும் நேரம்தான் நிற்கும். பழைய மானிட்டர் விழிப்பதற்குள் அது போயே போய்விடும். டெல், எச்பிஇ, சூப்பர்மைக்ரோ மூன்றிலும் பூட் மெனுவுக்கு எஃப்11. பயாஸ் அமைப்புக்குள் போக மட்டும் டெல்லில் எஃப்2, எச்பிஇயில் எஃப்9, சூப்பர்மைக்ரோவில் டெலிட். தாளில் எழுதிச் சர்வர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இதைக்கூட மன்னிக்கலாம். காத்திருந்து திறந்த பட்டியலில் பென்டிரைவ் இல்லை என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஏன் இல்லை என்று இயந்திரம் சொல்லவே சொல்லாது. எந்த ரேம் எந்தக் குழியில், எந்த விசிறி எத்தனை சுற்று, பவர் சப்ளை எத்தனை வாட், மூடியைத் திறந்தது எப்போது, எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்கிறது. செருகிய பென்டிரைவை ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டால் மட்டும் வாய்ப்பூட்டு.

காரணங்கள் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பூட் செய்ய இரண்டு முறைகள் உண்டு. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த பயாஸ் முறை ஒன்று. இன்டெல் தன் ஐட்டேனியத்துக்காகத் தொடங்கி, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுத் தரமாக்கிய யுஇஎஃப்ஐ முறை இன்னொன்று. இந்த வயதுச் சர்வரில் இரண்டும் உண்டு. எது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பயாஸ் முறை டிரைவின் முதல் செக்டரைப் படிக்கும். யுஇஎஃப்ஐ முறை ஃபேட் வகைப் பகுதியைத் தேடிப்போய், இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் நம் பென்டிரைவ் அதன் கண்ணுக்கே தெரியாது.

இங்கேதான் விண்டோஸ் சர்வர் போடுபவர்கள் மாட்டுகிறார்கள். அதன் முக்கியக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 அதை ஏற்காது. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்தால் கோப்பு ஏறும், பெரும்பாலான சர்வர்களில் பென்டிரைவ் பட்டியலிலிருந்து மறையும். ரூஃபஸ் என்ற மென்பொருள், அந்த என்டிஎஃப்எஸ் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஃபேட் பகுதியை வைத்து இதைச் சமாளிக்கிறது. பயாஸ் முறையில் வேறு கூத்து: பென்டிரைவ் யுஎஸ்பி என்ற பெயரில் இருக்காமல், ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் இரண்டாவதாகப் பதுங்கியிருக்கும். பழைய உரிமையாளர் யுஎஸ்பி போர்ட்டையே அணைத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றையும் திரையில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுத ஆளில்லையா, மனமில்லையா?

அவசரத்தில் பூட் முறையை மாற்றிவிடாதீர்கள். ஒரு முறையில் நிறுவிய இயங்குதளம் இன்னொரு முறையில் பொதுவாக எழாது. டிஸ்க் போய்விட்டது என்று பதறுவீர்கள்.

எதிர்பாராத சந்தோஷம் வென்டாய். 2020இல் வந்த இலவச மென்பொருள். பென்டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டு, ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் போதும். இரண்டு முறைகளிலும் எழும். செக்யூர் பூட் இயங்கினால் முதல் தடவை அதன் சாவியைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். சர்வர் தயாரித்தவர்கள் தராத தெளிவான பட்டியலை இது தருகிறது.

யுஎஸ்பியைப் பூட் வரிசையில் நிரந்தரமாக முதலிடத்தில் வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எஃப்11 வழியாக அந்த ஒரு தடவைக்குத் தேர்ந்தெடுப்பதே சரி. இங்கே மாலை இடிமழைக்கு மின்சாரம் போய் வரும். சர்வர் தானாக எழும்போது பேக்கப் டிரைவ் செருகியிருந்தால், அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம். காலையில் கடை திறக்கும் தவுக்கே முதலில் அழைப்பது உங்களைத்தான். தவிர, சர்வர் அறைக்குள் நுழையும் எவரும் தன் பென்டிரைவால் அதை எழுப்பலாம்.

வாங்கலாமா? வாங்கலாம்; விலைக்கு இந்த உழைப்பு வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் கடைக்குப் போகும்போது உங்கள் பென்டிரைவையும் கொண்டுபோங்கள். பயாஸ் அமைப்புக்குள் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், மதர்போர்டு ஜம்பரில் கைவைக்க வேண்டியிருக்கும். பிறகு விற்பவர் முன்னாலேயே இரண்டு முறைகளிலும் பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் உங்கள் பென்டிரைவின் பெயர் வந்த பிறகு ரிங்கிட்டை எண்ணுங்கள்.