முகமும் வார்ப்பும்

நியூயார்க் நகரத்தின் பொக்கிஷத்தைச் சூறையாடிய அரசியல் தலைவர் வில்லியம் ட்வீட், 1875-ஆம் ஆண்டு டிசம்பரில் காவலிலிருந்து தப்பி, கியூபா வழியாக ஸ்பெயின் தேசத்தை அடைந்தபோது, அவரை அங்குள்ள அதிகாரிகள் இன்னாரென்று கண்டுகொள்ளத் துணை செய்தது ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ பத்திரிகையில் தாமஸ் நாஸ்ட் வரைந்திருந்த ஒரு கேலிச்சித்திரம் என்பது பத்திரிகைச் சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. அந்தப் பருத்த வயிறும், துருத்திய மூக்கும், சட்டை மார்பில் குத்தியிருந்த பெரிய வைரமும் ட்வீட் ஒருவருக்கே உரியவை. அவற்றைப் பார்த்து இன்னொருவரை அவரென்று மயங்க இடமில்லை. கேலிச்சித்திரக் கலையின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதனை அவனாகவே கண்டு, அவன் செய்த காரியத்துக்கு அவனையே பொறுப்பாளியாக்கி, ஊரறிய நிறுத்துவது அதன் தர்மம். அந்த தர்மம் பிசகும் இடங்களை, அதாவது தனி மனிதனின் முகத்தை விட்டுவிட்டு, ஓர் இனத்துக்கென்று முன்பே செய்து வைத்த வார்ப்பைச் சித்திரக்காரன் கையிலெடுக்கும் இடங்களைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்படிப் பிசகியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அதே நாஸ்ட்தான். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களை வரையும்போது அவர் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். 1871 செப்டம்பரில் வெளியான அவருடைய சித்திரத்தில், குரங்கின் தாடையும் குறுகிய நெற்றியுமாக ஒருவன் வெடிமருந்துப் பீப்பாயின்மேல் உட்கார்ந்து, ஒரு கையில் கொள்ளியும் மற்றொரு கையில் மதுப்புட்டியுமாகக் கூச்சலிடுகிறான். அவன் யார், என்ன செய்தான் என்று கேட்டால், ஐரிஷ்காரன் என்பதற்குமேல் அந்தச் சித்திரத்தில் விடை கிடையாது. கறுப்பு மனிதர்கள் விஷயத்திலோ நாஸ்டின் கை இன்னும் வியப்பூட்டும் விதத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல், காலிழந்த ஒரு கறுப்புப் போர்வீரனை, அமெரிக்காவின் உருவகமான கொலம்பியா தேவி அழைத்து வந்து, இவனுக்கா வாக்குரிமை இல்லை என்று தேசத்தைக் கேட்பதாக வரைந்தவர் அவர். 1874 மார்ச்சில், தெற்குக் கரோலினா சட்டசபையின் கறுப்பு உறுப்பினர்களைப் பிதுங்கிய உதடுகளும் உருண்ட கண்களுமாக, ஒருவரையொருவர் அடிக்கப் பாயும் கூட்டமாக வரைந்தவரும் அவரே. அந்த ஆண்டு அக்டோபரிலோ, இறந்த குழந்தையை மடியில் வைத்துக் கலங்கும் கறுப்புத் தம்பதியரையும், அவர்கள் தலைக்குமேல் கைகுலுக்கி நிற்கும் வெள்ளையர் வன்முறைச் சங்கத்தினரையும், பின்னணியில் எரியும் பள்ளிக்கூடத்தையும் அவர் சித்திரித்தபோது, அமெரிக்கப் பத்திரிகை உலகம் அதுவரை கண்ட மிக உக்கிரமான கண்டனங்களில் ஒன்று பிறந்தது.

எட்டு மாதங்களுக்குள் ஒரே கை, ஒரே மக்களை, இவ்வளவு மாறுபட்ட இரு விதங்களில் வரைந்ததற்குக் காரணம் என்ன? துன்பப்படும் கறுப்பு மனிதனை அவரால் மனிதனாகக் காண முடிந்தது. அதிகாரத்தில் அமர்ந்த கறுப்பு மனிதனைக் காணும்போது அவருடைய அனுதாபம் தளர்ந்து, கை தன்னையறியாமல் பழைய வார்ப்பைத் தேடிப் போயிற்று. 1876 டிசம்பரில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யின் அட்டையில், தராசின் ஒரு தட்டில் கறுப்பனையும் மறு தட்டில் ஐரிஷ்காரனையும் உட்கார வைத்து, அறியாமையில் இருவரும் சம எடை என்று அவர் வரைந்தபோது, அந்தத் தளர்ச்சி பூர்த்தியாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன். சீனர்களை ஆதரித்து 1871-இல் அவர் வரைந்த சித்திரம் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஒரு நியாயம் இன்னொரு அநியாயத்துக்கு ஈடாகாது.

இந்த வார்ப்புகள் நாஸ்ட் சிருஷ்டித்தவை என்று சொல்ல முடியாது. லண்டனில் 1841-இல் தோன்றிய ‘பஞ்ச்’ பத்திரிகை அவற்றை வாரந்தோறும் வளர்த்து வந்தது. ஆலிஸின் அற்புத உலகத்துக்குப் படங்கள் எழுதிக் குழந்தைகளின் உள்ளத்தில் இடம்பிடித்த ஜான் டெனியல், 1857 ஆகஸ்டில், இந்தியச் சிப்பாய்களின் எழுச்சியை ஒரு வங்கப் புலியாகவும், ஆங்கிலேயரை அதன்மேல் பாயும் சிங்கமாகவும் வரைந்தார். புலியின் அடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் குழந்தையும் கிடக்கிறார்கள். புலிக்குப் பெயர் கிடையாது, குறை கிடையாது, கோபத்துக்குக் காரணமும் கிடையாது. விலங்கைச் சுடுவதற்கு விசாரணை எதற்கு என்று வாசகனின் மனம் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. 1882 மே மாதத்தில், டப்ளின் நகரில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, அவரே ஐரிஷ் மக்களின் கிளர்ச்சியைக் கத்தி ஏந்திய ராட்சஸனாக வரைந்தார். விக்டோரியா காலத்துக் கேலிச்சித்திரங்களில் ஐரிஷ்காரன் படிப்படியாகக் குரங்காகிப்போன கதையை எல். பெர்ரி கர்டிஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருக்கிறார். இத்துறையில் நுழைய விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதுவே.

கலிபோர்னியாவில் ‘வாஸ்ப்’ என்ற வாரப் பத்திரிகை 1881 நவம்பரில் பிரசுரித்த சித்திரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலை எழுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு ஒரு சிலை என்று அதை வரைந்தவர் ஜார்ஜ் பிரெடரிக் கெல்லர். கந்தல் உடுத்த ஒரு சீனக் கூலி, கையில் அபினிக் குழாயுடன், காலடியில் மண்டையோட்டுடன் நிற்கிறான். அவன் தலையைச் சுற்றிப் பாயும் கதிர்களில் அழுக்கு, நோய், ஒழுக்கக்கேடு, வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்று எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டே சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. ஒரு சித்திரம் ஒரு சட்டத்தை உண்டாக்கியது என்று நான் வாதிக்கவில்லை. சட்டத்துக்கு வேண்டிய மனோபாவத்தை இப்படிப்பட்ட சித்திரங்கள் வாரந்தோறும் தயார் செய்து வைத்தன என்பதை மறுக்கவும் வழியில்லை. ஜெர்மனியில் யூலியஸ் ஷ்டிரைகர் 1923 முதல் நடத்திய ‘டெர் ஷ்டூர்மர்’ பத்திரிகையும் அதன் யூத துவேஷச் சித்திரங்களும் தெருமுனைகளில் பெட்டிகளில் ஒட்டி வைக்கப்பட்டன. கொலை முகாம்கள் எதையும் தாம் நடத்தாதிருந்தும், துவேஷத்தை ஊட்டிய குற்றத்துக்காகவே ஷ்டிரைகர் 1946 அக்டோபரில் நூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார்.

கொடியவர்கள் கொடியதை வரைந்தார்கள் என்பதில் ஆராய்ச்சிக்கு அதிகம் இல்லை. நல்லவர்கள் வரைந்ததுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது. பிற்காலத்தில் குழந்தைகளின் பிரிய ஆசிரியரான டாக்டர் சூஸ், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ‘பி.எம்.’ என்ற முற்போக்கு நாளிதழில் அரசியல் சித்திரங்கள் எழுதினார். யூதர்களையும் கறுப்பர்களையும் ஒதுக்கி வைக்கும் அமெரிக்கர்களை அந்தப் பத்திரிகையிலேயே அவர் கடுமையாகச் சாடினார். அப்படிப்பட்டவர் 1942 பிப்ரவரி 13-இல் வரைந்த ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுக ஜப்பானிய வம்சத்தினர் முடிவில்லாத வரிசையாக வந்து, ஒரு சாவடியில் ஆளுக்கொரு வெடிகுண்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கூரையின்மேல் ஒருவன் தொலைநோக்கியால் கடலைப் பார்த்தபடி தாய்நாட்டின் சமிக்ஞைக்குக் காத்திருக்கிறான். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே புன்னகை, ஒரே முகம். ஹிட்லரை ஹிட்லராகவே வரைந்த கை, இங்கே கடைக்காரரையும் தோட்டக்காரரையும் மாணவரையும் பிரித்துக் காண மறுத்துவிட்டது. ஆறு நாட்களுக்குப் பிறகு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள், வீடு வாசலை விட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அமெரிக்க அரசாங்கம் சட்டபூர்வமாக மன்னிப்புக் கேட்டது 1988-இல். சூஸ் 1954-இல் தம் நூலொன்றைக் கியோட்டோவைச் சேர்ந்த ஜப்பானிய நண்பருக்குச் சமர்ப்பணம் செய்தார். அதைப் பிராயச்சித்தமாகப் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே கருத விரும்புகிறேன்.

அதே காலத்தில் கறுப்பு மக்களின் சொந்தப் பத்திரிகைகளில் ஆலிவர் ஹாரிங்டனும் ஜாக்கி ஓர்ம்ஸும் வரைந்து வந்தார்கள். ஓர்ம்ஸின் சின்னஞ்சிறு பெண் பாட்டி-ஜோ, நன்றாக உடுத்துக்கொண்டு, அரசியல் அநீதிகளைப் பற்றித் துணிந்து பேசுகிறவள். வார்ப்புக்கு எதிராகக் கலை அளித்த பதில்களில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். ஆயினும் இத்துறையைப் பற்றிய விவாதங்களில் இவர்கள் பெயர் அடிபடுவது அரிது.

அண்மைக்கால உதாரணங்கள் பல உண்டு. 2009 பிப்ரவரியில், ஒபாமா பொருளாதார ஊக்கச் சட்டத்தில் கையெழுத்திட்ட மறுநாள், போலீஸார் சுட்டுக் கொன்ற ஒரு சிம்பன்ஸியை அந்தச் சட்டத்தை எழுதியவராகக் காட்டும் சித்திரத்தை ‘நியூயார்க் போஸ்ட்’ வெளியிட்டது. கனெக்டிகட்டில் உண்மையாகவே சுடப்பட்ட ஒரு குரங்கைத்தான் சொன்னோம் என்றது பத்திரிகை. இருக்கலாம், ஆனால் ஒன்றரை நூற்றாண்டாகக் குரங்கு என்று வரையப்பட்ட மக்களின் கண்ணுக்கு அந்தக் குரங்கு வெறும் குரங்காக எப்படித் தோன்றும்? 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ‘ஹெரால்டு சன்’ பத்திரிகையில் மார்க் நைட் வரைந்த செரீனா வில்லியம்ஸ் சித்திரத்தைப் பற்றியும் இத்தகைய வழக்கே எழுந்தது. டென்னிஸ் ஆட்டத்தில் அவர் காட்டிய கோபம் விமரிசனத்துக்குரியதே. ஆயினும் அந்தத் தடித்த உதடுகள் செரீனாவின் உதடுகள் அல்ல, பழைய வார்ப்பின் உதடுகள். எதிரே நின்ற நவோமி ஒசாகா, ஹைட்டியரான தந்தைக்கும் ஜப்பானியரான தாய்க்கும் பிறந்தவர், வெளிறிய தோலும் பொன்னிறக் கூந்தலுமாக முகமே இல்லாமல் போனார். சித்திரம் விதிகளை மீறவில்லை என்று அந்நாட்டுப் பத்திரிகை மன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. மன்றத்தின் விதிகளைப் பற்றி அது சொன்னதை ஏற்கலாம்; கலை என்ற முறையில் அது தோற்ற சித்திரம்.

நமக்கு நேரே பட்ட காயமும் ஒன்று உண்டு. 2014 செப்டம்பர் 24-இல், கோவை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த மயில்சாமி அண்ணாதுரை முக்கியப் பங்காற்றிய மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. நான்கு நாட்கள் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’, முண்டாசு கட்டிய விவசாயி ஒருவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிச் சங்கத்தின் கதவைத் தட்டுவதாக, சிங்கப்பூர் ஓவியர் ஹெங் வரைந்ததை வெளியிட்டுப் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அப்பத்திரிகையே 2019 ஏப்ரலில், இஸ்ரேலியப் பிரதமரை நாயாக்கிய, யூத துவேஷச் சாயல் படிந்த வேறொருவரின் சித்திரத்தைச் சர்வதேசப் பதிப்பில் பிரசுரித்து, கண்டனம் எழவே, ஜூலை முதல் அரசியல் சித்திரங்களையே அப்பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. இதை நான் முற்றிலும் ஆட்சேபிக்கிறேன். பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆசிரியரின் கடமை தவறியதற்கு ஒரு கலையைத் தண்டிப்பது நியாயமாகாது.

முகம் சரியாக இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் வரைந்த சித்திரத்தில் அம்பேத்கரின் முகம் அம்பேத்கருடையதே. அரசியல் சாசனம் என்ற நத்தையின்மேல் அவர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றிருந்த அதை 2012 மே மாதத்தில் திருமாவளவன் உள்ளிட்டோர் பாராளுமன்றத்தில் கண்டித்தபோது, நத்தையைப் பார்த்தவர்களுக்கும் சாட்டையைப் பார்த்தவர்களுக்கும் இடையே பேச்சு நடக்கவே இல்லை. சாட்டையடியை வம்ச வம்சமாக அறிந்தவர்கள் சாட்டையைப் பார்த்தது இயற்கை. அதை ஆராய அமைந்த குழு பல சித்திரங்களை நீக்கச் சொல்ல, எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மாறுபட்டு எழுதினார். அம்பேத்கர் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைப் பற்றி வெளியிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களை உன்னாமதி சியாம சுந்தர் 2019-இல் தொகுத்துத் தந்த பிறகே, சங்கரின் சித்திரம் எத்தகைய வரிசையில் நின்றது என்று நம்மால் பார்க்க முடிகிறது. நீக்குவதைவிடத் தொகுப்பது மேலான காரியம் என்பது என் துணிபு.

தமிழில் அந்த வேலை தொடங்கியே இருக்கிறது. பாரதியார் 1906 முதல் ‘இந்தியா’ பத்திரிகையில் வெளியிட்ட கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் நூலாக்கினார். அதற்குப் பின் வந்த வாரப் பத்திரிகைகளின் சித்திரங்களில் நாம் யாரை முகத்தோடு வரைந்தோம், யாரை வார்ப்பில் போட்டோம் என்பதைக் காண வேண்டுமானால், அந்தப் பழைய இதழ்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். வீட்டுப் பரணில் பைண்டு செய்து வைத்த தொகுதிகள் இருக்குமானால், அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாமல், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுத்து உதவ வேண்டுமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.