எண்ணிப் பெற்ற கூலியும் எண்ணாமல் போகும் பணமும்

ஒரு படைப்பு தன்னை நாடி வரும் மனிதனை எவ்வாறு நடத்துகிறது என்று கேட்பது திறனாய்வின் முதற்கடமை. நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் இக்கேள்விக்கு உட்படுத்தும் நாம், கைபேசி விளையாட்டுகளை மட்டும் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இது முறையன்று. திருப்பூரின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் எந்திரத்தின்முன் அமரும் இளைஞனும், விடுதியில் தங்கிப் படிக்கும் அவன் தங்கையும் தங்கள் ஓய்வை மட்டுமன்றி, உழைப்பின் பயனையும் இவ்விளையாட்டுகளில் இட்டு வருகின்றனர். ஆதலால் இவற்றையும் நாம் ஆய்ந்து நோக்கத்தான் வேண்டும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது 'காச்சா' எனப்படும் வகையை. ஜப்பானியக் கடைவாசல்களில் பொம்மைப் பெட்டிகள் உண்டு. காசு போட்டுப் பிடியைத் திருகினால் ஓர் உருண்டை விழும்; உள்ளே இருப்பது எந்தப் பொம்மை என்பது திறந்த பின்னரே தெரியும். திருகும் ஓசையையும் விழும் ஓசையையும் சேர்த்து 'காச்சாபோன்' என்றனர். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பரிசு பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டே இன்று கைபேசிக்குள் புகுந்திருக்கிறது. ப்ரீ பையர் மேக்ஸின் 'லக் ராயல்', பி.ஜி.எம்.ஐ. விளையாட்டின் 'கிரேட்' ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இவ்வினத்தில் உலகப்புகழ் பெற்றது, சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட 'கென்ஷின் இம்பேக்ட்'. நடுநிலையோடு நோக்கினால் இதில் பாராட்டத்தக்கவை பல. மலையும் கடலும் தீட்டிய ஓவியங்களாய் விரிகின்றன. இசை உயர்ந்த தரத்தது. கதையில் நட்பும் இழப்பும் உண்டு. பணமே செலுத்தாமல் முழுக்கதையையும் கண்டு முடிக்கலாம் என்பதும் உண்மை.

ஆயினும் ஒரு நாவலாசிரியர் தம் மாந்தர் அனைவரையும் எல்லா வாசகருக்கும் ஒருங்கே தருகிறார். இங்கோ, முதலில் கதை நம்மை ஒரு மாந்தன்மீது அன்புகொள்ளச் செய்கிறது. பின்னர் அவன் சுமார் மூன்று வாரங்களுக்கு மட்டும் சீட்டுக் குலுக்கலில் வைக்கப்படுகிறான். கலை எழுப்பிய அன்பே தூண்டிலின் இரையாகிறது. இதுவே இப்படைப்பின் பெருங்குறை என்போம்.

குலுக்கலின் கணக்கைக் காண்போம். உயர்தர மாந்தன் கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறைக்கும் 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 முறைக்குள் ஒருவன் நிச்சயம் என்று நிறுவனம் வாக்களிக்கிறது. ஆனால் வருபவன் நாம் விரும்பியவனாகவே இருப்பான் என்பதில்லை. அடுத்த 90 முறைக்குள்தான் அந்த உறுதி. ஒரு முறைக்கு 160 'ப்ரைமோஜெம்' வேண்டும். ஆக, கடைசிக் கணக்கு 28,800. விளையாடி ஈட்டியவை கைவசம் இல்லையெனில் இத்தனையையும் பணத்தால்தான் வாங்க வேண்டும்.

இவை ரூபாயில் எவ்வளவு? அதைத்தான் இவ்விளையாட்டு நேரே சொல்வதில்லை. ரூபாயைக் கொடுத்து 'ஜெனிசிஸ் கிறிஸ்டல்' வாங்க வேண்டும். அதனை ப்ரைமோஜெம்மாக மாற்ற வேண்டும். அதைக் கொடுத்து 'பேட்' என்னும் சீட்டைப் பெற வேண்டும். அதன் பின்னரே குலுக்கல். மிகச்சிறிய பொதியில் இருப்பவை 60 கிறிஸ்டல்கள். மூன்று பொதி வாங்கினால் ஒரு முறை ஆடிவிட்டு 20 மிஞ்சும். மிஞ்சியது மேலும் வாங்கச் சொல்லும். இது தற்செயலாய் அமைந்த எண் என்று நமக்குத் தோன்றவில்லை.

திருப்பூரின் உழைப்பாளி பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்; ஒரு பீஸுக்கு எவ்வளவு, இன்று எத்தனை பீஸ் என்று விரல்விட்டு எண்ணுபவர். ஷிப்ட் கணக்கில் வேலை செய்பவருக்கோ ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரியும். சனிக்கிழமைச் சம்பளத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்காமல் விடமாட்டார். அத்தகைய மனிதரையே, தாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுக்கச் செய்கிறது இந்த விளையாட்டு. எண்ணிப் பெற்ற கூலி எண்ணப்படாமல் போகிறது. நாம் அஞ்சுவது செலவின் பெருமையை அன்று, இந்த மறதியையே.

இக்குறையை நாம் மட்டும் கூறவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் இவ்விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. 2 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. 16 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் இசைவின்றி இச்சீட்டுகளை வாங்கக்கூடாது, உண்மைப் பணத்தில் நேரடியாக வாங்கும் வழியும் தரப்பட வேண்டும் என்பன நிபந்தனைகளுள் சில. ஜப்பான் 2012லேயே, குலுக்கலில் கிடைத்தவற்றைத் தொகுதியாக நிறைவு செய்தால் மட்டும் பெரும்பரிசு தரும் முறையைத் தடுத்தது.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, பல ஏழைக் குடும்பங்களின் கூலியை விழுங்கியது. 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை அறவே தடைசெய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பணவிளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் காச்சாவில் வெல்வது பணமன்று, படமே. எனவே சட்டத்தின் வலையில் அது எளிதாய் அகப்படுவதில்லை. சட்டம் நிற்கும் இடத்தில் மனச்சான்று தன் பணியைத் தொடங்க வேண்டும்.

திருச்சபையின் மறைக்கல்வி, சீட்டுவிளையாட்டு தன்னிலேயே நீதிக்கு முரணானது என்று கூறவில்லை. தனக்கும் பிறர்க்கும் இன்றியமையாத் தேவைக்கானதை அது பறிக்கும்போதுதான் தீதாகிறது என்கிறது. ஆட்ட வேட்கை அடிமைத்தளையாகும் என்றும் எச்சரிக்கிறது. மத்தியா திருத்தூதராகத் தெரிவு செய்யப்பட்டதும் சீட்டால்தான். சிலுவையடியில் படைவீரர் சீட்டுப் போட்டதும் உண்டு. அது தையலில்லாத ஓர் அங்கிக்காக. ஆடையால் வாழும் நம் ஊரார் அக்காட்சியைச் சிறப்பாக உணர்வர். அவ்வீரரின் கண்கள் அங்கியின்மேல் இருந்தன. அருகே துன்புற்றவரைக் காணவில்லை. சீட்டின் தீமை பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. அருகிலிருப்பவர் மறைந்துபோகின்றனர்.

'திரைப்படத்துக்கும் செலவிடுகிறோமே' என்று இளைஞர் கேட்பது நியாயமே. வேறுபாடு இதுதான்: திரையரங்கச் சீட்டின் விலை வாசலிலேயே தெரியும், படம் முடிந்ததும் செலவும் முடியும். இவ்விரு பண்புகளையும் நாமே இவ்விளையாட்டுக்கு வழங்கிவிட்டால், அறிவுடைய செலவு இயலாததன்று. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணிக்கச் சொன்ன நற்செய்தியின் அறிவுரை இங்கும் பொருந்தும். வீட்டுச் செலவும் கடனும் சேமிப்பும் போக எஞ்சியதில் மாதத்துக்கு ஒரு தொகையை முன்னரே குறித்துவிட வேண்டும். 90 அன்று, 180 முறை ஆகும் என்றே கணக்கிட வேண்டும். அதற்குக் கையிருப்பு போதாதெனில் தொடங்காமல் இருப்பதே நலம். குலுக்கலைவிட, விலையும் பயனும் வரையறுத்த மாதச்சந்தா மேல். எனினும் அதுவும் அன்றாடம் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லி நேரத்தைக் கேட்கும் என்பதை மறத்தலாகாது. வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்குமாறு கைபேசியை அமைத்தல் நன்று. கடன் வாங்கி ஆடுதல் எந்நிலையிலும் ஆகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஏச்சால் இது தீராது. பிள்ளையின் அருகமர்ந்து அவ்விளையாட்டின் அழகையும் ஒருமுறை காணுங்கள். பிறகு கணக்கைச் சேர்ந்து போடுங்கள். கிறிஸ்டல்களை ரூபாயாக்குங்கள், ரூபாயை ஷிப்ட்டாக்குங்கள். 'இது எத்தனை ஷிப்ட்?' என்ற கேள்விக்கு நேர்மையாய் விடை சொல்லிவிட்டு வாங்குகிறவனை நாம் குறைகூறமாட்டோம். விடை சொன்ன பின் கைபேசியைக் கீழே வைப்பவர்களே மிகுதியாய் இருப்பர் என்பது நம் நம்பிக்கை.