வேண்டாத வெளிச்சம்

தமிழ் சினிமா விமர்சனம் என்றாலே கதை, பாத்திரம், வசனம் என்றுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வெளிச்சத்தைத் 'தொழில்நுட்பம்' என்று ஒதுக்கி கேமராமேனிடம் விட்டாயிற்று. யார் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று முடிவு செய்வது வெறும் தொழில்நுட்பம்தானா?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஷூட்டிங் வேடிக்கை பார்த்தவர்களுக்கு ரிஃப்ளெக்டரைத் தெரியும். வெள்ளித்தாள் ஒட்டிய பலகை, இல்லையென்றால் தெர்மோகோல். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுபோகும். வெயிலைப் பலகையில் வாங்கி முகத்துக்குத் திருப்புவார்கள். வெள்ளித்தாள் பெரும்பாலும் ஒரே திசையில் அனுப்பும். தெர்மோகோல் நாலாபக்கமும் இறைக்கும். பின்சுவரில் ஏறும், பக்கத்தில் நிற்பவர் தோளில் விழும், லென்ஸுக்குள் புகுந்து கறுப்பைச் சாம்பலாக்கும். இதுதான் வேண்டாத வெளிச்சம். பலகையைச் சாய்க்கலாம், தள்ளி வைக்கலாம், பாதியை மூடலாம். அப்படியும் அடங்காவிட்டால் நடுவே 'கட்டர்' என்கிற கறுப்புத் தடுப்பு.

சரி, வேண்டாதது யாருக்கு? சட்டகத்தின் மையம் நாயகனின் முகம் என்று முடிவான பிறகுதான் பக்கத்து ஆள்மேல் விழுவது உபரியாகிறது. சிதறல் என்பது ஒளியின் குணம். 'வேண்டாதது' என்பது மையம் கொடுக்கிற பெயர்.

நிறத்தின் அரசியலும் இதற்குள் இருக்கிறது. வெளுத்த முகத்துக்கு அளவு வைத்தால் கறுத்த முகம் புதைந்துபோகும். இது நம்மூர்ச் சங்கதி மட்டுமல்ல. கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க கோடக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். இங்கே கையாளப்படும் சுலபமான வழி, முன்னாலிருந்து இன்னும் கொஞ்சம் லைட்டை அடிப்பது. முகம் தெரியும்; ஆனால் தட்டையாக, சாம்பல் பூத்து. கறுத்த தோலின் வடிவம் அதன்மேல் ஓடும் மினுக்கத்தில் இருக்கிறது. பெரிய பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் கறுப்புத்துணி கட்டிச் சிதறலை விழுங்கவிட்டால் நெற்றியும் கன்னமும் எழுந்து நிற்கும். ஆக, கறுப்புத்துணி ஒடுக்குகிற கருவி மட்டுமல்ல. அது யார் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி.

'இயற்கை ஒளியில் எடுத்தோம், கலப்படமில்லை' என்கிற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. 'அபராஜிதோ'வில் (1956) சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத்தான் வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். இயற்கையும் கட்டமைக்கப்படுவதுதான். எந்த நேரத்து வெயில், எந்தக் கோணம் என்பதும் தேர்வுதான்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) இந்த இடத்தில் முக்கியமாகிறது. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல். ஒளிப்பதிவு விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன். குடிகார அப்பன் முன்னே நடக்கிறான். பின்னால் வரும் பையன் உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கி அப்பன் முதுகில் அடிக்கிறான். சட்டகத்துக்கு வெளியே ஒளிந்திருந்த ரிஃப்ளெக்டர் உள்ளே வந்துவிட்டது, அதுவும் ஒரு பொடியன் கையில். முகத்தைப் பொலிவாக்க அல்ல, சுடுவதற்கு. ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம் என்று நாம் பெருமைப்பட்டதோடு சரி, இந்தக் கண்ணாடித் துண்டைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

செல்போனில் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கிற தோழர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு தெர்மோகோலும் ஒரு கறுப்புத்துணியும் போதும். பலகையைத் தூக்குமுன், யார் முகத்துக்காக யார்மேல் இருட்டைப் போடுகிறோம் என்று பாருங்கள்.