பெயரும் கவைக்கம்பும்

மிகுபுனைவு நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்துவிடும்: "கடைசியில அடிதடி இல்லப்பா, அறிவுதான் ஜெயிக்கும்." உர்சுலா கே. லெ குவினின் எர்த்சீ நாவல்களுக்கும் இதே முத்திரையைக் குத்திவிடுகிறோம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

1968இல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யில் இளம் மந்திரவாதி கெட், பெண்டோர் தீவுக்கு டிராகன்களைத் தேடிப் போகிறான். இளம் டிராகன்களை மந்திர பலத்தாலேயே கொன்றுவிடுகிறான். கிழட்டு டிராகனிடம் அது செல்லாது. படித்த பழங்கதைகளை வைத்து அதன் உண்மைப் பெயர் யெவாட் என்று ஊகித்து, பெயர் சொல்லிக் கட்டிப்போடுகிறான். எர்த்சீயில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. இதைத்தான் அறிவின் வெற்றி என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், பெயரைச் சொல்லிக் கழுத்தைப் பிடிப்பதும் பலத்தைக் காட்டுவதுதானே? கை வலிக்காது, அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தில் விவேகம் வேறு இடத்தில் இருக்கிறது. கெட்டைத் துரத்தும் நிழலின் பெயரைச் சொல்லித்தருவதாக டிராகன் பேரம் பேசுகிறது. அவன் உயிர் பிழைக்கத் தேவையான தகவல் அது. அவனோ, நீயும் உன் பிள்ளைகளும் மனிதர் வாழும் தீவுகள் பக்கம் வரக்கூடாது என்ற வாக்குறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். தெரிந்துகொள்ளாமல் விட்டதுதான் அவன் செய்த பெரிய காரியம்.

நிழலும் அவன் இழுத்துவிட்டதுதான். ரோக் பள்ளியில் சக மாணவனிடம் வீம்புக்குச் செய்த மந்திரத்தில் வந்தது. ஓடிக்கொண்டே இருப்பவனிடம், திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் குரு ஓகியன். தொழிற்சாலையில் அலாரம் அடித்தால் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர்களோடு வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். முடிவில் கெட் நிழலைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை.

அதோடு லெ குவின் விட்டிருந்தால் நம் நண்பர்களின் வாக்கியம் ஓரளவு தப்பித்திருக்கும். 1990இல் 'தெஹானு' வந்தது. சாவுக்கும் வாழ்வுக்கும் இடையில் திறந்த கதவை மூடுவதில், முந்தைய நாவலிலேயே தன் மந்திரம் முழுவதையும் செலவழித்துவிட்ட கெட், இதில் ஆடு மேய்க்கிறார். டெனார் வளர்க்கும் சிறுமி தெர்ரு, சொந்தக்காரர்களாலேயே சிதைக்கப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்டவள். அந்தக் கூட்டத்து ஆண்கள் ஒரு ராத்திரி பண்ணைவீட்டுக்கு வருகிறார்கள். கெட் என்ன செய்கிறார்? வைக்கோல் வாரும் கவைக்கம்பால் ஒருவனைக் குத்துகிறார். பெயரும் இல்லை, மந்திரமும் இல்லை. பிறகு குத்துப்பட்டவனுக்கு அவர்களே கட்டுப் போடுகிறார்கள்.

கெட்டை இப்படிக் குறுக்கிவிட்டாரே என்று வருத்தப்பட்ட வாசகர்கள் உண்டு. எனக்கு எர்த்சீயின் மிக நேர்மையான காட்சி இதுதான். கதவை உடைக்க வருகிறவனிடம் விவேகம் பேசி என்ன ஆகப்போகிறது? அதே சமயம், அந்தக் குத்தால் தெர்ருவின் முகத்துத் தழும்பில் ஒரு கோடுகூட மறையவில்லை என்பதையும் நாவல் மறக்கவில்லை.

என் குறை கடைசி அத்தியாயத்தில்தான். ஆஸ்பன் என்ற மந்திரவாதி கெட்டையும் டெனாரையும் வசியப்படுத்திக் குன்றின் விளிம்புக்கு இழுத்துப்போகிறான். தெர்ரு கூப்பிட, கலெசின் என்ற மூத்த டிராகன் வந்து அவனை ஆட்களோடு எரித்துவிடுகிறது. தெர்ரு டிராகன் வம்சம் என்பதற்கான குறிப்புகள் முன்பே இருக்கின்றன, திடீர்த் திருப்பம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் கவைக்கம்புக் காட்சியைப் படிக்கும்போது ரத்தத்தை யார் கழுவுவார்கள், பிள்ளை எதையெல்லாம் பார்த்தது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. குன்றின்மேல் எரிந்தவர்களைப் பற்றி எனக்கு அப்படி எதுவுமே கேட்கத் தோன்றவில்லை.