தூது போனவர்களின் கணக்கு

2012 ஏப்ரல் 21. சத்தீஸ்கரில் சுக்மா மாவட்ட ஆட்சியர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்திக்கொண்டு போனார்கள். அவருடைய மெய்க்காவலர்கள் இரண்டு பேர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஆட்சியர் நெல்லைக்காரர் என்பதால் நம்மூர் டிவியிலும் அதுதான் பேச்சு. மே 3 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். அவர் பெயர் நமக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காட்டுக்குள் போய் அவரைக் கூட்டிவந்த இரண்டு பெரியவர்கள் யார்னு கேட்டால் முழிப்போம். ஒருவர் பி.டி. சர்மா, ஒரு காலத்தில் பஸ்தரில் ஆட்சியராக இருந்தவர். இன்னொருவர் ஹைதராபாத் பேராசிரியர் ஜி. ஹரகோபால்.

இந்த மறதி தற்செயலானது இல்லை என்று நினைக்கிறேன். அரசும் அதை எதிர்ப்பவர்களும் முட்டிக்கொண்டு நிற்கும்போது நடுவில் போய் நிற்கிற குடிமக்கள் குழுவை எப்படி வாசிப்பது என்று நமக்குத் தெரியவில்லை. நம் கதைகளிலும் சினிமாவிலும் போராளிக்கு இடம் உண்டு, போலீஸ்காரருக்கு இடம் உண்டு. நடுவில் நிற்கிறவர் பெரும்பாலும் கோழை, இல்லையென்றால் கையாள். நிஜத்திலும் அதே கண்ணாடியைத்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு கூட்டம் அவரை நக்சல் அனுதாபி என்கிறது. இன்னொரு கூட்டம் அரசாங்கத்து ஆள் என்கிறது.

எஸ்.ஆர். சங்கரன் இந்த இரண்டு வசவையும் வாங்கியவர். தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திராவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனவர். 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரி மலைப்பகுதியில் மக்கள் யுத்தக் குழு கடத்திய அதிகாரிகளில் அவரும் ஒருவர். பத்து வருஷம் கழித்து, தன்னைக் கடத்தியவர்களோடும் தான் வேலை பார்த்த அரசோடும் பேசுவதற்காக அவர் தலைமையில் ஒரு குழு உருவானது. பெயர், அக்கறையுள்ள குடிமக்கள் குழு. வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான், ஹரகோபால், பத்திரிகையாளர் பொத்தூரி வெங்கடேஸ்வர ராவ் போன்றவர்கள் கூட இருந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையை வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்று இருக்கும். கிராமம் கிராமமாகப் போனார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்களின் குடும்பங்களைக் கேட்டார்கள். பிறகு கடிதம் எழுதினார்கள். என்கவுன்ட்டர் என்ற பெயரில் நடக்கும் கொலைகளைப் பற்றி அரசிடம் கேட்டார்கள். உளவாளி என்று சொல்லி ஏழைகளைக் கொல்வது எந்த நியாயம் என்று மக்கள் யுத்தக் குழுவிடம் கேட்டார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா' என்கிற பஞ்சாயத்து இல்லை இது. துப்பாக்கி வைத்திருக்கிற இரண்டு தரப்பும், துப்பாக்கி இல்லாத கிராமத்துக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. அதை நடுநிலை என்று சொல்வதே தப்பு. அவர்கள் ஒரு பக்கம் எடுத்துத்தான் இருந்தார்கள், மூன்றாவது பக்கம்.

2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் நான்கு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. காட்டிலிருந்து வந்த தலைவர்கள் அமைச்சர்களுக்கு எதிரே உட்கார்ந்து நிலப் பங்கீடு பற்றிப் பேசினார்கள். அதற்கு முன் யாரும் எதிர்பார்க்காத காட்சி. ஆனால் 2005 ஜனவரிக்குள் துப்பாக்கிச் சத்தம் திரும்பிவிட்டது, மாவோயிஸ்டுகள் விலகினார்கள். ஜனசக்தி சார்பில் பேச வந்த ரியாஸ் அதே வருஷம் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. நர்சி ரெட்டியை மாவோயிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். மறுபடியும் தடை வந்தது.

இந்த இடத்தில் சங்கரன் குழுவின் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. அவர்களிடம் இருந்தது நற்பெயர் மட்டும்தான். பேச வந்தவரின் உயிருக்கு யார் பொறுப்பு, போர்நிறுத்தத்தை மீறினால் யார் கேட்பது என்பதற்கு வலுவான ஏற்பாடு இல்லை. கிராமத்துக்காரருக்காகத்தான் எல்லாமே என்று சொன்ன மேஜையில் அவருக்கென்று தனி நாற்காலியும் இல்லை. நல்லவர்களின் வார்த்தையை நம்பி ஒருவர் வெளியே வருகிறார், அந்த வார்த்தையைக் காப்பாற்றும் பலம் நல்லவர்களிடம் இல்லை. 2010இல் இதே கதை திரும்ப நடந்தது. உள்துறை அமைச்சர் ப. சிதம்பரத்துக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் நடுவே சுவாமி அக்னிவேஷ் கடிதம் கொண்டுபோனார். கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே ஆசாத் கொல்லப்பட்டார். அது உண்மையான மோதல்தான் என்று சிபிஐ சொன்னது. அக்னிவேஷ் ஏற்கவில்லை. எது உண்மையாக இருந்தாலும், அடுத்த தடவை தூதுவரின் கடிதத்தை நம்பி யார் பதில் எழுதுவார்?

அரசுக்கு இந்தக் குழுக்கள் தீயணைப்பு வண்டி மாதிரி. எரியும்போது கூப்பிடும், அணைந்ததும் மறந்துவிடும். சுக்மா ஒப்பந்தத்தில் சிறையிலிருக்கும் ஆதிவாசிகளின் வழக்குகளைப் பரிசீலிக்க நிர்மலா புச் தலைமையில் குழு அமைப்பதாக சத்தீஸ்கர் அரசு ஒப்புக்கொண்டது, அமைத்தது. ஆட்சியர் வீடு திரும்பிய பிறகு அந்த வழக்குகள் என்ன ஆயின என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்? நானும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. அரசு மட்டும் மறக்கவில்லை, நாமும்தான்.

அப்படியென்றால் இந்தக் குழுக்கள் தோற்றுவிட்டனவா? சமாதானம் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால், ஆமாம். ஆனால் அந்த அளவுகோல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுடையது. சங்கரன் குழுவின் கேள்விகளுக்கு மக்கள் யுத்தக் குழு பதில் எழுத வேண்டியிருந்தது. அரசு மேஜைக்கு வர வேண்டியிருந்தது. கொலைக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயத்தைக் கொஞ்ச காலமாவது இரண்டு தரப்பின் மேலும் சுமத்தியது, ஆயுதமில்லாத சில வயசாளிகள். அதைச் சின்ன விஷயம்னு என்னால் ஒதுக்க முடியவில்லை.

சங்கரன் 2010 அக்டோபரில் இறந்தார். எந்தப் பக்கமும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாத ஆள். அப்படிப்பட்ட ஒருவரை நாயகனாக வைத்து ஒரு நாவல் எழுத நமக்கு இன்னும் மொழி கைவரவில்லை.