வெறுங்கையோடு திரும்புகிறவன்

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில், வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து கபடி பார்த்தால், ஆட்டம் முடிந்த பிறகும் வாக்குவாதம் முடியாது. இப்போது அங்கே ஓடுவது அணிகளின் கணக்கு. புரோ கபடி லீக் 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-ல் பன்னிரண்டு ஆனது; நமக்கென்று ஓர் அணி வந்ததும் அந்த ஆண்டுதான். "பதினாறு ஆக்கணும்ணே. தமிழ்நாட்டுக்கே ரெண்டு குடுக்கலாம். மெட்ராசுக்கு ஒண்ணு, தெக்க ஒண்ணு" என்கிறான் ஒரு பையன். "ஹாக்கியில ஜூனியர் உலகக் கோப்பைய பதினாறுலேந்து இருபத்தி நாலு டீம் ஆக்கி மெட்ராஸ்லயும் மதுரையிலயும் நடத்தலையா?" என்று 2025-ஐ எடுத்துப் போடுகிறான் இன்னொருவன். "அதே ஹாக்கியில லீக்கு 2017-ஓட நின்னுபோய், திரும்பி வர 2024 டிசம்பர் ஆச்சே. அதையும் சேர்த்துச் சொல்லுடா" என்று மடக்குகிறார், வலையிலிருந்து கண்ணெடுக்காத மாமா ஒருவர்.

இந்தச் சத்தத்துக்கு நடுவே திரையில் ஒரு ரெய்டர் உள்ளே போனார். பால்க் கோட்டைத் தாண்டினார். முப்பது விநாடியில் இரண்டு மிச்சம் இருக்கும்வரை உள்ளேயே நின்றார். யாரையும் தொடாமல் திரும்பினார். கூடம் முழுக்க ஒரே குரல்: "சும்மா போய்ட்டு வரான் பாரு!"

இந்த லீக் தொடங்கிய நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் குரல் இது. இதைப் போலத் தப்பான குரல் கபடியில் வேறில்லை. அணி எத்தனை, லீக்கை மண்டலங்களாகப் பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்கிற வழக்கும்கூட அந்த வெறும் ரெய்டில்தான் தீரும் என்பது என் கட்சி.

பெயர் வேண்டாம். ஒவ்வொரு சீசனிலும் ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இப்படி இருக்கிறார். போஸ்டரில் முதல் ரெய்டர் தொடை தட்டி நிற்பார்; இவர் இரண்டாம் வரிசையில் பாதி முகம் தெரிய நிற்பார். ஆட்டம் முடிந்து புள்ளி அட்டையைப் பார்த்தால் இவர் பெயருக்கு நேரே மூன்றோ நான்கோதான் இருக்கும். இவர் போன ரெய்டுகளில் பாதிக்கு மேல் வெறும் ரெய்டு. அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு இவரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றே புரியாது.

இவருடைய கண்ணைப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் இவர் கையை நீட்டுவதில்லை. இடது கார்னரின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்க்கிறார். ஒரு தோளைத் தாழ்த்துகிறார். கார்னர் அரை அடி முன்னால் வருகிறார். மறுபடி தாழ்த்துகிறார், இந்த முறை கார்னரோடு கைகோத்திருக்கும் ஆளும் சேர்ந்து நகர்கிறார். பிறகு வலப் பக்கம் போய் கவர் எவ்வளவு பொறுமைசாலி என்று அளக்கிறார். முப்பது விநாடியில் ஒரு சங்கிலியையே படித்துவிட்டுத் திரும்பி வந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு முதல் ரெய்டரிடம் நாலு வார்த்தை சொல்கிறார். இரண்டு ரெய்டு கழித்து முதல் ரெய்டர் அதே கார்னரின் அதே காலைத் தொட்டுவிட்டு வரும்போது கூடம் எழுந்து நின்று கத்துகிறது. அந்தப் புள்ளியில் பாதி இவருடையது.

கணக்கும் இருக்கிறது. ஒரு பாதி இருபது நிமிடம், ஒரு ரெய்டு முப்பது விநாடி. எல்லா ரெய்டும் முழு நேரம் ஓடினால் ஒரு பாதிக்கு நாற்பது. ஓர் அணிக்கு இருபது. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்காவிட்டால் போனவர் அவுட். அப்படியானால் முதல் இரண்டில் யார் போவது, மூன்றாவதுக்கு யாரை மிச்சம் வைப்பது என்பதுதான் ஆட்டத்தின் முதுகெலும்பு. வெறுமனே திரும்பியவர் அந்த முதுகெலும்பில் ஒரு கண்ணியைச் சேர்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.

எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த ரெய்டின் பொருளே மாறும். ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால் போனஸ் உண்டு. கால் நீட்டிப் பார்க்கலாம். ஐந்து அல்லது நான்கு பேர் என்றால் போனஸ் இல்லை, சூப்பர் டேக்கிளும் இல்லை; துணிந்து இறங்க வேண்டிய இடம் இது, இங்கே சும்மா திரும்பினால் நானும் திட்டுவேன். மூன்று பேராகக் குறைந்துவிட்டால்? "மூணே பேருதாண்டா, அடிச்சுட்டு வாடா!" என்று கூடம் கத்தும். மாட்டினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. பிடிக்கிறவர்கள் உயிரைக் கொடுத்துப் பிடிக்கும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் பால்க் கோட்டைத் தாண்டிவிட்டு அமைதியாகத் திரும்புகிற ஆளைக் கோழை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் ஆல் அவுட்டைத் தள்ளிப்போடுகிறார், கைவிடவில்லை.

தன் அணியின் முதல் ரெய்டர் அவுட்டாகி வெளியே இருக்கும்போது வெறும் ரெய்டு போனாலும் அது குற்றம். முதலில் வெளியேறியவர்தான் முதலில் உள்ளே வர முடியும். போனஸ் போக, ஒரு புள்ளிக்கு ஓர் ஆள். அவரைக் கூட்டி வர ஒரு புள்ளி வேண்டும் என்கிற நேரத்தில் படித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

குப்பத்துப் பையன்களுக்கு இதெல்லாம் கால்வழியாகத் தெரியும் என்பதுதான் என்னைக் குடைகிறது. மாலையில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் மணலில் கோடு கிழித்து ஆடும்போது அவர்களே அப்படித்தான் ஆடுகிறார்கள். மணலில் கால் புதையும். உள்ளே ஆழமாகப் போனால் திரும்ப ஒரு எட்டு கூடுதல் ஆகும். பதம் பார்த்துவிட்டுத் திரும்புவதை அங்கே யாரும் கேலி செய்வதில்லை. ஆழம் பார்க்காமல் முகத்துவாரத்தில் படகு விடுகிறவன் அந்த ஊரில் கிடையாது. டிவி முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறது?

சரி, அணிக் கணக்குக்கு வருகிறேன்.

2017-ல் பன்னிரண்டு ஆனபோது லீக்கை இரண்டு மண்டலமாகப் பிரித்தார்கள். நம் மண்டலத்தில் தெற்கே மூன்று, கங்கைப் பக்கத்திலிருந்து மூன்று. சொந்த மண்டலத்தின் ஐந்து அணிகளோடு மும்மூன்று ஆட்டம், அடுத்த மண்டலத்தோடு ஏழு, ஆக 22. பிளே ஆஃப் எல்லாம் சேர்த்து அந்த சீசனில் 138 ஆட்டம். 2018-லும் அதே ஏற்பாடு. 2019-ல் மண்டலத்தைக் கலைத்து, எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை என்று மாற்றினார்கள். ரசிகர்கள் பெரும்பாலோர் நியாயம் என்றார்கள். எனக்கு அன்றைக்கே உடன்பாடில்லை, இன்றைக்கும் இல்லை.

ஏனென்றால் ஒரே கார்னரை மூன்று முறை சந்திக்கும்போதுதான் படிப்புக்குக் கூலி கிடைக்கிறது. முதல் ஆட்டத்தில் பார்த்துவைத்தது இரண்டாவதில் உதவும். இரண்டாவதில் அந்தக் கார்னர் தன்னைத் திருத்திக்கொண்டிருப்பார். மூன்றாவதில் இருவருக்குமே தெரியும், இருவருக்கும் தெரியும் என்பதும் தெரியும். கபடியின் உச்சம் அந்த மூன்றாவது சந்திப்பு. ஒரே ஒரு முறை மோதிவிட்டுப் போகிற லீக்கில் வெறும் ரெய்டு அன்று ராத்திரியோடு செத்துவிடும்.

அடுத்த அடி 2025-ல் விழுந்தது. அதுவரை வெற்றிக்கு ஐந்து, டைக்கு மூன்று, ஏழு அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஒன்று என்று இருந்தது. ஆறு புள்ளி பின்தங்கிய அணி கடைசி இரண்டு நிமிடம் வெறுமனே போய் வந்தால் "கைய விட்டுட்டானுங்க" என்று கூடம் திட்டும். அவர்கள் கையில் இருந்த அந்த ஒரு புள்ளியைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பல சீசன்களில் ஆறாம் இடத்தைத் தீர்மானிக்கும் சண்டையில் இந்த ஒற்றைப் புள்ளிகளுக்கு இருந்த மதிப்பு, தொடர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025-ல் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் ஆளுக்கு ஐந்து ரெய்டு. அதிலும் தீராவிட்டால் கோல்டன் ரெய்டு. லீக் ஆட்டங்களையும் அணிக்கு 22-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். பதினோரு எதிரணிகளை இரண்டிரண்டு முறை சந்திக்க 18 போதாது. ஆகவே சிலரை ஒரே முறைதான் பார்க்க முடியும்.

ஆட்டம் இன்னும் வேகமாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். இரண்டாவது ரெய்டருடைய நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. எடுத்ததில் கொஞ்சத்தை அந்த ஐந்து ரெய்டு திருப்பிக் கொடுக்கிறது: அதற்கு ஐந்து வெவ்வேறு ஆட்கள் போக வேண்டும், ஒரே நட்சத்திரத்தை ஐந்து தடவை அனுப்ப முடியாது. எதிரணியை நாற்பது நிமிடமும் படித்தவர் அங்கே தேவைப்படுவார்.

பழவேற்காட்டுக்காரர்களிடம் பங்கீட்டைப் பற்றி நான் பாடம் நடத்தக்கூடாது. ஏரியில் இறால் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, முறை வைத்து மாற்றி மாற்றித் தொழில் செய்யும் பாடு முறை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. யாரைச் சேர்ப்பது, எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீர் தாங்கும் என்கிற சண்டையும் அதே அளவு பழையது. நான் இதைச் சொன்னதும் மாமா முதல் தடவையாக வலையைக் கீழே வைத்தார். "ஆளு கூடுனா முறை வர நாளாவும். முறை வர நாளானா தொழிலே மறந்துடும்" என்றார். அணிகளைப் பெருக்கும் வழக்கில் எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி அவர்தான். சடுகுடுவில் மூச்சுப் பிடித்துப் போவதற்கும் நாம் பாடுவது என்றே சொல்கிறோம். அதற்கும் முறை அடிக்கடி வர வேண்டும்.

ஆகவே பதினாறு வேண்டாம் என்பதல்ல என் வாதம். பதினாறு ஆக்குங்கள், தமிழ்நாட்டுக்கு இரண்டாவது அணியும் கொடுங்கள், அதற்குத் தேவையான பையன்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். ஆனால் நான்கு நான்காகப் பிரித்து, பக்கத்து அணிகளை நான்கு முறை மோத விடுங்கள். நம் இரண்டு அணிகளும் ஒரே மண்டலத்தில் இருக்கட்டும். பொன்னேரிக்கு வந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பார்க்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 2021-22 சீசன் முழுக்கப் பெங்களூரிலேயே நடந்தது. 2023-24-ல் பன்னிரண்டு ஊர் சுற்றினார்கள். 2025-ல் விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி என்று நான்கு ஊர். மண்டலம் வந்தால் ஊர்களும் தானாக வரும்.

அப்படிச் செய்ய மாட்டார்கள் என்பது என் கணிப்பு. முதலில் இரண்டு அணி சேர்த்துப் பதினான்கு ஆக்குவார்கள். ஆட்டங்களைக் கூட்டாமல் ஒற்றைச் சந்திப்புகளை அதிகமாக்குவார்கள். அடுத்த ஏலத்தில் டூ ஆர் டைக்கென்றே வளர்ந்த ஆட்களின் விலை ஏறும், நம் இரண்டாவது ரெய்டரின் விலை விழும். கார்னர்களின் விலை அதைவிட ஏறும், ஏனென்றால் படிக்காமல் பாய்கிறவனைப் பிடிப்பது சுலபம். மூன்று சீசனுக்குள் சூப்பர் டேக்கிள் எண்ணிக்கை எல்லோரையும் திடுக்கிட வைக்கும். அப்போது ஒரு பயிற்சியாளர், அநேகமாக நம்மூர் ஆள், யாரும் கேட்காத விலைக்கு இரண்டு பொறுமைசாலிகளை வாங்கி வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்குவார். அதற்கடுத்த வருஷம் மண்டலம் திரும்ப வரும்.

நம் அணி? முதல் பாதியில் வெறும் ரெய்டுக்குக் கூச்சப்படாத சீசனில் முதல் நான்குக்குள் வரும். அடுத்த ஆட்டத்தில் நம் இரண்டாவது ஆள் உள்ளே போகும்போது கூடத்தில் யாரும் கத்தாமல் இருந்து, எதிரணி இடது கார்னரின் முன்காலை மட்டும் எண்ணுங்கள். இரண்டு முறை அது கோட்டை நோக்கி நகர்ந்தால், மூன்றாவது ரெய்டு எந்தப் பக்கம் போகும் என்று மாமாவுக்கு முன்பே உங்களால் சொல்ல முடியும்.